ஒலிபெருக்கியில் கண்டன்சர் மாற்றும் முன்



கடையடைத்து வீடு திரும்பியதும் பாட்டுக் கேட்பது நம்மில் பலருக்கு வழக்கம். 1980களில் அதற்கென்றே விலை உயர்ந்த வெளிநாட்டு ஒலிபெருக்கி வாங்கியவர்களும் உண்டு. அது இப்போது மங்கி ஒலித்தால், பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடாதீர்கள். முதலில் கண்டன்சரைச் சோதியுங்கள்.

பெட்டிக்குள் 'கிராஸ்ஓவர்' என்ற சிறு பலகை இருக்கும். சல்லடை அரிசியையும் நொய்யையும் பிரிப்பதுபோல, அது மெல்லிய கீச்சொலியைச் சிறிய ட்வீட்டருக்கும் கனத்த ஒலியைப் பெரிய வூஃபருக்கும் பிரித்து அனுப்பும். ட்வீட்டருக்குக் காவல் கண்டன்சர்தான். 8 ஓம் ட்வீட்டருடன் 6.8 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் இருந்தால், சுமார் 2,900 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை அது படிப்படியாகக் குறைக்கும்.

அன்றைய பெட்டிகள் பலவற்றில் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரே உண்டு. அதனுள் இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்ல உலரும். அளவு மாறும், உள்தடை கூடும், கீச்சொலி மங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களே தவறு செய்தோம். பருப்பு மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்த்து வாங்கும் நாங்கள், கண்டன்சரை மலிவு என்று பாராமல் வாங்கிவிட்டோம். அது பிளஸ், மைனஸ் குறியிட்ட சாதாரண வகை. ஒலிக்கான மின்னோட்டம் திசை மாறி மாறி ஓடுவதால் அவ்வகை தாங்காது. சில வாரங்களில் அது பழுதாகி, ட்வீட்டரின் சுருளும் கருகியது. சில ரூபாய் மிச்சம் பார்த்து, ஒரு ட்வீட்டரின் விலையைக் கொடுத்தோம்.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. மைக்ரோ ஃபாரட் அளவு பழையதே இருக்க வேண்டும். வோல்ட் அளவு அதுவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். முன்னது எடை, பின்னது சாக்கின் பலம்.

2. 'பைபோலார்' எலக்ட்ரோலிட்டிக் அல்லது பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம் வகை வாங்குங்கள். ஃபிலிம் வகை உலராது. விலையும் உருவமும் பெரிது. அதன் உள்தடை குறைவு. எனவே ட்வீட்டர் சற்றுத் தூக்கலாக ஒலிக்கலாம். அப்போது 1 ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தால் சரியாகும்.

3. இரு பெட்டிகளிலும் ஒருசேர மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் இரண்டும் ஒத்து ஒலிக்காது.

4. ஆம்பிளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றி, இணைப்புகளைப் படம் எடுத்துக்கொண்ட பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். பற்றவைப்பு தெரியாதவர்கள் நல்ல மெக்கானிக்கிடம் கொடுப்பதே நலம்.

பெயருக்காகப் பல மடங்கு விலை சொல்லும் கண்டன்சர்களும் உண்டு. அளவும் வகையும் சரியென்றால் நடுத்தர விலைச் சரக்கே போதும். மலிவுக்கும் மயங்க வேண்டாம். விலைக்கும் மயங்க வேண்டாம். கடையில் சரக்கெடுக்கும்போது பார்ப்பதையே இங்கும் பார்ப்போம்.