எஞ்சின் நீரில் எண்ணெய் கலந்தது எப்படி?

ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, அதில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள். மூடியைத் திருகி நன்றாகக் குலுக்குங்கள். சற்று நேரத்தில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். இப்போது சிறிது சோப்புக் கரைசலைச் சேர்த்து மறுபடியும் குலுக்குங்கள். இம்முறை தண்ணீர் மோர்போல் வெளுத்து, நெடுநேரம் அப்படியே இருக்கும். எண்ணெய் நுண்ணிய துளிகளாகச் சிதறி நீர் முழுவதும் பரவிவிட்டது. இத்தகைய கலவைக்குப் பால்மம் என்று பெயர்.

புட்டியில் இது வேடிக்கை. கடலில் ஓடும் படகின் எஞ்சினில் இது ஆபத்து.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. படகுகளையும் எஞ்சின்களையும் பழுதுபார்ப்பதற்கு ஏற்ற காலம் அது. அப்படிப் பழுதுபார்க்க வந்த, இருபது ஆண்டு உழைத்த ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆறிய எஞ்சினின் நீர்த்தொட்டி மூடியைத் திறந்தால், காபி நிறத்தில் கொழகொழப்பான ஆடை மிதக்கிறது. எஞ்சின் எண்ணெயில் அழுக்கைப் பிரிப்பதற்காகச் சோப்பைப் போன்ற பொருள்கள் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே அது நீருடன் எளிதில் பால்மமாகிவிடும்.

இதனால் என்ன கெடுதல்? ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த 1 கலோரி வேண்டும். எண்ணெய்க்கு ஏறத்தாழ அதில் பாதியே போதும். அதாவது, எண்ணெய் சுமந்து செல்லக்கூடிய வெப்பம் குறைவு. மேலும், வெப்பத்தைக் கடத்தும் திறனும் எண்ணெய்க்கு நீரினுடையதில் சுமார் நாலில் ஒரு பங்குதான். குழாய்ச் சுவர்களில் எண்ணெய் படிந்தால் அது போர்வைபோல் வெப்பத்தைத் தடுக்கும். எஞ்சின் சூடேறும். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால் படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும்.

மூன்று ஓட்டங்கள்

நம் எஞ்சினில் மூன்று திரவங்கள் தனித்தனியே ஓடுகின்றன. கடல்நீர் உலோகத்தை அரிக்கும். எனவே எஞ்சினுக்குள் நன்னீரே சுற்றி வருகிறது. அந்த நன்னீரை வெப்பமாற்றி என்ற பகுதியில் கடல்நீர் குளிர்விக்கிறது. மூன்றாவது, உராய்வைக் குறைக்கும் உயவு எண்ணெய். சூடான எண்ணெய் ஆயில் கூலரில் தன் வெப்பத்தை நன்னீருக்குக் கொடுக்கிறது. அங்கே எண்ணெயையும் நீரையும் பிரிப்பது மெல்லிய உலோகச் சுவர் ஒன்றே. இருபது ஆண்டு அதிர்வும் அரிப்பும் அதைத் தேய்த்திருக்கக்கூடும்.

யார் மேல் சந்தேகம்?

எண்ணெய் நீருக்குள் வர முக்கியமாக மூன்று வழிகள் உண்டு: ஆயில் கூலர், சிலிண்டர் ஹெட் கேஸ்கெட், சிலிண்டர் பிளாக்கில் அல்லது ஹெட்டில் விழுந்த விரிசல். உடனே ஹெட்டைக் கழற்றத் தொடங்கினால் பல நாளும் பெரும் பணமும் செலவாகும். அதற்கு முன் எஞ்சின் காட்டும் அடையாளங்களைப் படிக்க வேண்டும்.

முதலில் எண்ணெய் அளவுக்குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் வெளுக்கவில்லை, ஆனால் மட்டம் குறைந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 5 கிலோகிராம் வரை இருக்கும். நன்னீரின் அழுத்தமோ பெரும்பாலும் 1 கிலோகிராமைத் தாண்டாது. துளை ஒன்று இருந்தால் அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கே திரவம் பாயும். ஆகவே எண்ணெய் நீருக்குள் போகிறது.

அடுத்து, எஞ்சினை ஓடவிட்டு நீர்த்தொட்டியைக் கவனிக்க வேண்டும். எரிந்த வாயு நீருக்குள் வந்தால் குமிழிகள் இடைவிடாமல் எழும். இங்கே குமிழி இல்லை; புகைபோக்கியில் வெள்ளைப் புகையும் இல்லை. ஹெட் கேஸ்கெட்டின் மேல் உள்ள சந்தேகம் குறைகிறது. ஆனால் அது முற்றிலும் நீங்கவில்லை. எண்ணெய்த் துளைக்கும் நீர்த் துளைக்கும் நடுவில் மட்டும் கேஸ்கெட் கெட்டிருந்தால் குமிழி வராது. எனினும் முதலில் சோதிக்க வேண்டியது, எளிதில் கழற்றக்கூடிய ஆயில் கூலரையே.

கழற்றிய கூலரின் எண்ணெய்ப் பாதையில் ஒரு வாயை அடைத்து, மற்றொரு வாய் வழியே தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேற்படாமல் காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீர்த் தொட்டியில் மூழ்கவைப்பார்கள். பங்க்சர் கடையில் சைக்கிள் டியூபைச் சோதிப்பது போலத்தான். வெந்நீர் எதற்கு? சூட்டில் உலோகம் விரியும்போது, குளிரில் மூடியிருந்த நுண்விரிசலும் திறந்துகொள்ளலாம். குமிழி வரும் இடமே கசிவின் இடம்.

பழுது நீக்குதல்

குழாய்க் கற்றை வகைக் கூலரில் ஓரிரு குழாய்கள் கசிந்தால், அவற்றின் இரு முனைகளையும் அடைத்துவிடலாம். பல கசிந்தால் புதிய கூலரே வேண்டும். ரப்பர் வளையங்களையும் எஞ்சின் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும்.

பிறகு நீர்ப்பாதையைக் கழுவ வேண்டும். அதிகம் நுரைக்காத சலவைக் கரைசலை ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலை வரை எஞ்சினை ஓட்ட வேண்டும். அது திறந்தால்தான் கரைசல் வெப்பமாற்றிவரை செல்லும். ஆறியபின் வடித்து, நீர் தெளியும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் கூடாது, ரப்பரை அது உப்பவைக்கும். எண்ணெய் பட்டு மெதுவான ரப்பர் குழாய்களையும் மாற்ற வேண்டும். வடித்த நீரைத் துறைமுகத்தில் கொட்டாமல் பீப்பாயில் சேர்த்து அகற்ற வேண்டும். சில நாள் ஓடியபின்னும் நீர் தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது. மறுபடி எண்ணெய் தோன்றினால் ஹெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

எண்ணெய்தானே கலந்தது என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? எஞ்சினை நிறுத்தியவுடன் எண்ணெயின் அழுத்தம் இல்லாமற்போகும். சூடான நீரின் அழுத்தமோ சற்று நேரம் நீடிக்கும். அப்போது அதே துளை வழியே நீர் எண்ணெய்க்குள் நுழையலாம். நீர் கலந்த எண்ணெயால் பேரிங்குகளைக் காக்க முடியாது. அவை தேய்ந்து எஞ்சினே பாழாகும்.

சிந்தித்துப் பாருங்கள்

மற்றொரு படகில் ஆயில் கூலரைக் கடல்நீரே நேராகக் குளிர்விக்கிறது. நன்னீர்த் தொட்டி தெளிவாக இருக்கிறது. ஆனால் எண்ணெய் மட்டம் குறைகிறது; கடல்நீர் வெளியேறும் இடத்தில் வானவில் நிறப் படலம் மிதக்கிறது. எந்தச் சுவர் பழுதாகியிருக்கும்? அழுத்தத்தை வைத்து விடை காணுங்கள்.