அரைச் சொட்டு டீசல்

நம் சுவர் இதழில் பறவைகள், கோள்கள், மூலிகைகள் பற்றியெல்லாம் வந்துவிட்டன. நான் எழுதப்போவது கொஞ்சம் நாற்றமடிக்கும் விஷயம். எங்கள் பைபர் படகு இன்ஜினுக்குள் டீசல் எப்படிப் போகிறது என்பதுதான் அது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பயந்து தெரிந்துகொண்டேன்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா, சித்தப்பா, நான் மூவரும் வலையை ஏற்றிக்கொண்டு திரும்புகிறோம். 12 பாகம் ஆழம் இருக்கும். இன்ஜின் சத்தம் ஏறி இறங்கியது. இரண்டு முறை இருமியது போல் செய்துவிட்டு நின்றே போனது. அது கச்சான் காற்று அடிக்கும் காலம். கரையிலிருந்து கடல் பக்கம் தள்ளும் காற்று. நின்ற நிமிடத்திலிருந்து கரை எங்களை விட்டு விலகத் தொடங்கியது. சித்தப்பா ஓடிப்போய் நங்கூரத்தைப் போட்டார். அப்பா பில்டரைப் பார்த்துவிட்டு, "தண்ணி ஏறிடுச்சு" என்றார்.

இனி பாடத்துக்கு வருகிறேன். பைக் இன்ஜினில் பிளக் இருக்கும், தீப்பொறி வரும். டீசல் இன்ஜினில் பிளக்கே கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினெட்டில் ஒரு பங்காக நெருக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறது அல்லவா? அதே சூடுதான் இங்கே 500 டிகிரி செல்சியசுக்கு மேல் போய்விடுகிறது. அந்த நேரம் பார்த்து டீசலைப் புகைபோலப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். எனவே டீசல் சரியான நேரத்தில், சரியான அளவில் வரவேண்டும். அதைச் செய்வது இரண்டு பொருள்கள்: பம்ப், நாசில்.

எங்கள் இன்ஜினில் டேங்க் மேலே இருக்கிறது. டீசல் தானாகவே இறங்கி, பில்டர் வழியாகப் பம்புக்கு வரும். (பெரிய விசைப்படகில் டேங்க் கீழே, தூரத்தில் இருக்கும். அதனால் இழுத்துக் கொடுக்கத் தனியாக ஒரு பீட் பம்ப் உண்டு.) பம்புக்குள் பேரல் என்ற குழாய், அதில் ஏறி இறங்கும் பிளஞ்சர் என்ற தண்டு. ஊசி போடும் சிரிஞ்ச் மாதிரிதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஓரிரு மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் 50 மைக்ரானுக்கும் மேல். ஒரு மணல் துகள் போனால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

பிளஞ்சர் ஒவ்வொரு முறையும் ஒரே உயரம்தான் ஏறுகிறது. பிறகு ஆக்சிலேட்டர் கொடுத்தால் டீசல் எப்படிக் கூடுகிறது? இது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. மெக்கானிக் அண்ணன் ஒரு பழைய பிளஞ்சரைக் கையில் கொடுத்த பிறகுதான் புரிந்தது. அதன் பக்கத்தில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கிறது. பிளஞ்சரைக் கொஞ்சம் திருகினால், அந்தச் சாய்வு வெட்டு பேரலில் உள்ள துளையைச் சீக்கிரமாகவோ தாமதமாகவோ சந்திக்கும். சந்தித்த உடனே அழுத்தம் கழன்றுவிடும், டீசல் போவது நின்றுவிடும். எவ்வளவு திருகுகிறோமோ அதுதான் அளவு. இன்ஜினை நிறுத்துவதும் இப்படித்தான். ஒன்றுமே போகாதபடி திருகிவிட்டால் நின்றுவிடும்.

அலையில் படகின் பின்பக்கம் தூக்கும்போது காற்றாடி தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். அப்போது பாரமே இல்லாமல் இன்ஜின் வெறிபிடித்த மாதிரி சுற்றப் பார்க்கும். கவர்னர் என்ற பாகத்தில் உள்ள எடைக்குண்டுகள் வேகம் கூடியதும் விரிந்து, பிளஞ்சரைத் திருகி டீசலைக் குறைத்துவிடும். யாரும் கை வைக்க வேண்டாம்.

நாசிலில் ஒரு ஸ்பிரிங் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் வந்தால்தான் திறக்கும். பைக் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்கு! (நாசில் பீய்ச்சும்போது முன்னால் கையை வைக்கவே கூடாது. தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.)

இப்போது ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால், நான்கு வீச்சு இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது நிமிடத்துக்கு 1500 முறை டீசல் பீய்ச்சும். ஒரு மணிக்கு 90,000 முறை. மணிக்கு 2 லிட்டர் செலவானால் ஒரு முறைக்கு 0.022 மில்லி. ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. ஆக, அரைச் சொட்டுக்கும் குறைவு! தலைப்பு இப்படித்தான் வந்தது.

ரூடால்ப் டீசல் 1897இல் தன் இன்ஜினை ஓட்டிக் காட்டியபோது இந்தப் பம்ப் இல்லை. அழுத்திய காற்றை வைத்துத்தான் எண்ணெயை ஊதினார். அதற்குத் தனியாகப் பெரிய கம்ப்ரசர் வேண்டும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் பம்புகளை நிறையச் செய்து விற்ற பிறகுதான் சின்ன வண்டிகளுக்கும் டீசல் வந்தது. டீசல் 1913இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கடலில் காணாமல் போனார் என்று படித்தபோது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

சரி, நடுக்கடலில் நாங்கள் என்ன செய்தோம்? டீசலை விடத் தண்ணீர் கனம், அடியில்தான் தங்கும். டேங்கின் அடி ஸ்குரூவைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீரை வடித்தார் அப்பா. பில்டர் கிண்ணத்தையும் கொட்டிக் கழுவினார். ஆனால் கழற்றினால் காற்று புகுந்துவிடும். காற்று நெருங்கிச் சுருங்கும், டீசல் சுருங்காது. பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் குமிழிதான் சுருங்குமே தவிர, நாசில் திறக்காது. இதுதான் ஏர் லாக்.

"டேய் தம்பி, ஏர் எடுக்கணும், பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு" என்றார். முதலில் பில்டர் மேலே உள்ள ஸ்குரூவைத் தளர்த்தினார். நுரை நுரையாக வந்தது. குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் முடுக்கினார். அடுத்து பம்பில் அதே மாதிரி. கடைசியில் நாசில் நட்டைத் தளர்த்தி, சித்தப்பா கயிற்றால் சுற்ற, துப்பித் துப்பி வந்தது. வரிசை மாறினால் முதலிலிருந்து செய்ய வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனது. மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? சித்தப்பா, "பங்க்லதான் கலந்திருக்கான்" என்று மறுநாள் சண்டை போடக் கிளம்பினார். அப்போதுதான் வாயைத் திறந்தேன். கேன் மூடி தொலைந்து ஒரு வாரமாகிறது. வாசலில் மழையில் இருந்த கேனிலிருந்து, கிரிக்கெட் பார்க்கும் அவசரத்தில், துணி வைத்து வடிகட்டாமல் ஊற்றியது நான்தான்.

அப்பா அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசவும் இல்லை. பிறகு, "பில்டரைக் கழட்டிக் கொண்டா" என்றார். அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் பில்டர் கழுவுவதும், டீசல் வடிகட்டுவதும் என் வேலை. உங்கள் வீட்டுப் படகில் மணிக்கு எத்தனை லிட்டர் ஆகிறது என்று கேட்டு, மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். நானும் சரிபார்க்கிறேன்.

– 10ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்