ஆயிரம் ரூபாய் யாருடையது? – மகளின் கல்லூரிப் படிப்பும் நம் குழுவும்



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, கணக்கு எழுதுதல் என்று பல பாடங்களைப் பார்த்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் நம் மகள்களின் கல்லூரிப் படிப்பைப் பற்றியது. "இதுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பாடத்தை முழுவதும் படித்துவிட்டு, குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர் வாசித்துக் காட்டவும்.

பாடத்தின் நோக்கம்

1. புதுமைப்பெண் திட்டம் என்ன என்று தெரிந்துகொள்வது.
2. அந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது.
3. மகள் கல்லூரியில் சேர்ந்தால் மட்டும் போதாது. படிப்பை முடிக்கவும், வேலைக்குத் தயாராகவும் தாயும் குழுவும் என்ன செய்யலாம் என்று திட்டமிடுவது.

திட்டம் என்ன சொல்கிறது?

தமிழக அரசு 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப்பெண் திட்டத்தைத் தொடங்கியது. இதன் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 6ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி, அதன்பின் பட்டப்படிப்போ, டிப்ளமோவோ, ஐ.டி.ஐ. படிப்போ சேர்ந்தால், படிப்பை இடையில் நிறுத்தாமல் முடிக்கும் வரை மாதம் ரூ.1,000 அவள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும் என்பதே திட்டம். 2024 டிசம்பர் 30 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளும் சேர்க்கப்பட்டார்கள். மகன்களுக்கு இதேபோல் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கப்பட்டது.

வேறு உதவித்தொகை வாங்கும் மாணவியும் இதைப் பெறலாம். அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்கு இது கிடையாது. விதிகள் அவ்வப்போது மாறும். அதனால் சேரும் வருடத்தில் கல்லூரி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது கணக்குப் போடுவோம். மாதம் ரூ.1,000 என்றால் வருடத்துக்கு ரூ.12,000. மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு ரூ.36,000. நான்கு வருடப் படிப்புக்கு ரூ.48,000. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

தாலிக்குக் கொடுத்த பணம் படிப்புக்கு வந்த கதை

திட்டத்துக்குப் பெயர் தந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1883இல் பிறந்தவர். வறுமையால் பெற்றோர் அவரைச் சிறுவயதிலேயே ஒரு தேவதாசியிடம் கொடுத்துவிட்டார்கள். வளர்ந்தபின் அந்த முறையையே எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசினார், எழுதினார். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1962இல் அவர் காலமானார்.

அவர் பெயரில் 1989இல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். நம்மில் பலர் மகளின் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தையும் தாலிக்குத் தங்கத்தையும் வாங்கியிருக்கிறோம். 2022இல் அந்தத் திட்டம்தான் உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டது. இதை நன்றாகக் கவனியுங்கள் சகோதரிகளே. முன்பு கல்யாணம் முடிவானபோது வந்த உதவி, இப்போது பெண் கல்லூரி வாசலில் கால் வைத்ததும் வர ஆரம்பித்தது. முன்பு குடும்பத்தின் கைக்கு வந்தது, இப்போது பெண்ணின் சொந்தக் கணக்குக்கு வந்தது.

அப்படியானால் அந்தப் பணம் யாருடையது?

மூங்கில்துறைப்பட்டு பகுதியில் குழுக்களைப் பார்வையிடும்போது, வசூல் நேரத்தில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "இந்த மாசம் தவணைக்குக் கஷ்டம் இல்லீங்க மேடம். பாப்பாவுக்கு ஆயிரம் ரூவா ஏறிடுச்சி, அதுல கட்டிடறேன்." சொல்லும் அக்காவைக் குறை சொல்ல முடியாது. கரும்புப் பணம் வரும் தேதி வேறு, தவணைத் தேதி வேறு. வேலை இல்லாத மாதத்தில் கையில் இருக்கும் பணத்தைத்தான் எடுக்கத் தோன்றும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தவணை நம் பெயரில் வாங்கிய கடனுக்கு உரியது. ஆயிரம் ரூபாய் அவள் படிப்புக்கு உரியது. அதைத் தவணைக்குக் கட்டினால் அந்த மாதம் அவளுக்குப் புத்தகம் இல்லை, தேர்வுக் கட்டணத்துக்குப் பணம் இல்லை, மதியம் டீயும் பன்னும்தான் சாப்பாடு. நாலு மாதம் இப்படிப் போனால் "காலேஜே வேணாம்மா, வேலைக்குப் போறேன்" என்று அவளே சொல்லிவிடுவாள். அவள் நின்றுவிட்டால் அந்த ஆயிரமும் நின்றுவிடும்.

அவள் கணக்கின் ஏ.டி.எம். அட்டை அவள் கையிலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை வரவு செலவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாம் குழுவில் வந்துதான் பாஸ்புக் பார்க்கக் கற்றுக்கொண்டோம். அவள் 18 வயதிலேயே கற்றுக்கொள்ளட்டும். இதுவும் படிப்புதான்.

மூன்று வருடத்தில் என்ன வளர வேண்டும்?

"டிகிரி முடிச்சவங்களே சும்மாதானே உக்காந்திருக்காங்க" என்று கூட்டத்தில் சொல்வார்கள். அது பாதி உண்மை. சான்றிதழ் மட்டும் வாங்கி வந்தால் வேலை கிடைப்பது கஷ்டம்தான். கல்லூரியில் பாடத்தோடு சேர்த்து இரண்டு வகை வளர்ச்சி வர வேண்டும்.

முதலாவது, அவளுக்குள் வரும் வளர்ச்சி. தனியாக பஸ் ஏறி திருவண்ணாமலைக்கோ கள்ளக்குறிச்சிக்கோ போய்வருவது, அலுவலகத்தில் போய் விவரம் கேட்பது, பத்துப்பேர் முன்னால் எழுந்து நின்று பேசுவது, தப்பாக வந்தாலும் பரவாயில்லை என்று ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பது. நாமும் முதல் கூட்டத்தில் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டவர்கள்தானே. இன்று வங்கி மேலாளரிடம் உட்கார்ந்து பேசுகிறோம். அந்த மாற்றம்தான் இது. நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு, கருத்தரங்கு போன்றவை இதற்கு உதவும். ஒன்றிலாவது அவள் பெயர் இருக்கட்டும்.

இரண்டாவது, தொழிலுக்கான வளர்ச்சி. 2022 மார்ச் 1 அன்று நான் முதல்வன் திட்டம் தொடங்கப்பட்டது. இதன் மூலம் கணினி, ஆங்கிலப் பேச்சு, வங்கிப் பணி போன்ற பயிற்சிகள் கல்லூரியிலேயே கட்டணம் இல்லாமல் பாடத்தோடு சேர்த்துத் தரப்பட்டன. வெளியில் தனியார் மையத்தில் இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். 2024இல் இந்தத் திட்டத்தின் வழியாக 25 மாணவ, மாணவியர் இங்கிலாந்தில் உள்ள டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்குப் போய்வந்தார்கள். எல்லாருக்கும் அந்த வாய்ப்பு வராது. ஆனால் பயிற்சி வகுப்பில் உட்காரும் வாய்ப்பு எல்லாருக்கும் உண்டு. "அது பரீட்சைக்கு வராதும்மா" என்று மகள் சொன்னால், "வேலைக்கு வரும் கண்ணு" என்று சொல்லி அனுப்புங்கள்.

இந்திய அளவில் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் 100க்கு 47 பேர் என்ற அளவில் உயர்கல்வியில் இருந்தார்கள். நாடு முழுவதற்கும் சேர்த்து அது 28தான். சேர்ப்பதில் நாம் முன்னால் இருக்கிறோம். சேர்ந்த பெண்ணை முடிக்க வைப்பதிலும், வேலைக்குத் தயார் செய்வதிலும் நம் பங்கு பெரியது.

அம்மா கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

"நான் கைநாட்டு. அவ என்ன படிக்கிறான்னு எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லாதீர்கள். பாடம் தெரியத் தேவையில்லை. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் இந்த ஐந்தை மட்டும் கேளுங்கள்:

1. எத்தனை பாடம் எழுதினே? எத்தனையில் பாஸ்? அரியர் இருந்தா எப்போ திரும்ப எழுதுவே?
2. இந்த ஆறு மாசத்துல பாடம் தவிர புதுசா என்ன கத்துக்கிட்டே?
3. உனக்குச் சந்தேகம் வந்தா எந்த டீச்சர்கிட்ட போய்க் கேப்பே?
4. உன் கணக்குல எவ்வளவு வந்துச்சு, எதுக்குச் செலவாச்சு?
5. முடிச்சதும் என்ன செய்யலாம்னு இருக்கே? அதுக்கு இப்பவே என்ன வேணும்?

கேட்கும்போது மிரட்ட வேண்டாம். அரியர் என்று சொன்னதும் திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவாள். தவறிய பாடத்தைத் திரும்ப எழுதலாம். பயத்தில் படிப்பையே விட்டுவிட்டால் திரும்பச் சேர்வது கஷ்டம்.

இரண்டாம் வருடத்தில் கவனம்

கல்லூரியில் சேரும்போது வீட்டில் எல்லாருக்கும் உற்சாகம். இரண்டாம் வருடம் வரும்போது அரியர் சேரும், செலவு தெரியும், சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை விஷயமாக வர ஆரம்பிப்பார்கள். "நல்ல இடம், விட்டா வராது, கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கட்டும்" என்பார்கள். 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். அப்படி ஏதாவது நடந்தால் 1098க்குச் சொல்லலாம். 18 முடிந்திருந்தாலும், கல்யாணம் முடிந்து கல்லூரிக்குத் திரும்பி வந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று நீங்களே விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு தாய் தனியாக நின்றால் வீட்டில் அவள் பேச்சு எடுபடாது. குழு பக்கத்தில் நின்றால் எடுபடும். "கடைசிப் பரீட்சை முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று பத்துப் பெண்கள் போய்ச் சொன்னால் மாமனாரும் மாமாவும் யோசிப்பார்கள்.

குழு என்ன செய்யலாம்?

உதவித்தொகை முதல் மாதமே வந்துவிடாது. விண்ணப்பம் சரிபார்த்து வருவதற்குள் சில மாதம் ஆகலாம். ஆனால் சேர்க்கைக் கட்டணம், துணிமணி, நோட்டு, பஸ் எல்லாம் முதல் வாரத்திலேயே வேண்டும். இந்த இடைவெளியில்தான் பலர் வட்டிக்காரரிடம் போகிறார்கள். அதற்குக் குழுவிலேயே வழி இருக்கிறது.

12 உறுப்பினர்கள் மாதச் சந்தாவோடு ஆளுக்கு ரூ.50 கூடுதலாகக் "கல்வி நிதி" என்று கட்டினால் மாதம் ரூ.600, வருடம் ரூ.7,200 சேரும். இதிலிருந்து ஓர் உறுப்பினருக்கு ரூ.5,000 கடன், மாதம் 100க்கு 1 ரூபாய் வட்டி, 10 தவணை என்று வைத்துக்கொள்வோம். அசல் மாதம் ரூ.500. வட்டி முதல் மாதம் ரூ.50, அடுத்த மாதம் ரூ.45 என்று குறைந்துகொண்டே போய், மொத்த வட்டி ரூ.275 மட்டுமே. வெளியில் 100க்கு 5 ரூபாய் வட்டிக்கு வாங்கினால், அதே 10 தவணைக்கு வட்டி ரூ.1,375. வித்தியாசம் ரூ.1,100. வட்டியும் நம் குழுவுக்கே வருகிறது.

இந்தக் கடனையும் மகளின் ஆயிரம் ரூபாயில் கட்டக்கூடாது, தாயின் வருமானத்திலிருந்தே கட்ட வேண்டும் என்று தீர்மான நோட்டில் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

பெரிய செலவுள்ள படிப்பென்றால் வங்கிக் கல்விக் கடன் உண்டு. ரூ.4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக்கூடாது, பெற்றோர் இணைந்து கையெழுத்துப் போட்டால் போதும். கூட்டமைப்புப் பிரதிநிதி ஒருவர் துணைக்குப் போனால் வங்கியில் பேசுவது எளிது.

சேருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

* மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், அரசுப் பள்ளியில் படித்ததற்கான விவரம்.
* சாதிச் சான்றிதழ். கல்வராயன் மலைப் பகுதி பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதனால் 12ஆம் வகுப்பு படிக்கும்போதே மனு கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.
* வருமானச் சான்றிதழ். ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்குத் தனியாகக் கல்வி உதவித்தொகை உண்டு.
* வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பெண் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். தொழிற்கல்வியில் கட்டணச் சலுகைக்கு இது உதவும்.
* மகள் பெயரில் வங்கிக் கணக்கு. ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். பணம் வராமல் போவதற்கு இது முக்கியக் காரணம்.

மலையிலிருந்து தினமும் வந்துபோவது முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசு நல விடுதியில் இடம் இருக்கிறதா என்று சேர்க்கை நாளிலேயே கேளுங்கள். அரசுக் கல்லூரி மாணவிகளுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, அதையும் வாங்கிவிடுங்கள்.

கூட்டத்தில் கலந்துரையாட

1. நம் குழு உறுப்பினர்களின் மகள்களில் 12ஆம் வகுப்பு படிப்பவர்கள் எத்தனை பேர்? கல்லூரியில் எத்தனை பேர்? இடையில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள்?
2. கல்வி நிதி தொடங்கலாமா? எவ்வளவு கட்ட முடியும்?
3. மகளின் உதவித்தொகையைக் குழுத் தவணைக்கு வாங்குவதில்லை என்று நம் குழு தீர்மானம் போடுமா?

மூன்றாவது கேள்வியில் எல்லாரும் பேச வேண்டும். தவணை கட்ட முடியாத அக்காவைக் கூச்சப்பட வைக்காமல், அவர் தவணையைத் தள்ளிக் கொடுக்கவும் வழி பேசுங்கள். அப்போதுதான் தீர்மானம் நோட்டில் மட்டும் இல்லாமல் நடைமுறைக்கு வரும்.

தீர்மானம் போட்ட குழுக்கள் அதன் நகலை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இடையில் நின்ற பெண்களின் பட்டியலையும் சேர்த்துக் கொண்டுவந்தால், அவர்களில் யாரை வரும் ஆண்டில் திரும்பச் சேர்க்க முடியும் என்று ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்,
மூங்கில்துறைப்பட்டு பகுதி