ஒன்றேயரைக்கால் கல்

தமிழாசிரியர் சுவருக்குக் கற்கணக்கு எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் சிலர் நகைத்தலுங் கூடும். இலக்கணமும் இலக்கியமும் இருக்கச் சீமெந்துக் கல்லை எண்ணும் வேலை எமக்கு எதற்கு என்பர். ஆயினும் எண்ணையும் எழுத்தையும் ஒருங்கே போற்றியோர் நம் முன்னோர். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் ஒரு செய்யுள் நூல். கணக்கு நூலும் அதுவே. பலாப்பழத்தைப் பிளவாமலே அதன் சுளைகளை மதிப்பதற்கு அந்நூல் ஒரு வழி கூறுகின்றது. காம்பைச் சுற்றியுள்ள சிறிய முட்களை எண்ணி, அத்தொகையை ஆறாற் பெருக்கி ஐந்தாற் பிரிக்க வேண்டும் என்பது அவ்வழி. பழம் வெட்டுமுன் சுளையை மதிப்பதும் சுவர் எழுமுன் கல்லை மதிப்பதும் ஓரினத்தனவே.

இக்கணக்கை யாம் கற்றது ஏட்டிலன்று, எமது பிழையிலேயாம். சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வளவின் தெருப்புறத்து வேலியை நீக்கி மதில் கட்ட எண்ணினோம். தெருப்புறம் 74 அடி. படலைக்கு 10 அடி விட, எஞ்சியது 64 அடி. மதிலின் உயரம் 6 அடி. கல் விற்குமிடஞ் சென்று ஒரு கல்லை அளந்தோம். நீளம் 15½ அங்குலம். உயரம் 7½ அங்குலம். மதிலின் பரப்பு 384 சதுர அடி. அதனை 144ஆற் பெருக்கிச் சதுர அங்குலமாக்கி, கல்லின் முகப்பரப்பாகிய 116¼ ஆற் பிரித்தோம். 476 கல் என விடை வந்தது. அத்தாளை மேசனாரிடங் கொடுத்தோம். அவர் தாளைப் பாராது, மதில் நிற்கவேண்டிய நிலத்தையே பார்த்தார்.

"432 போதும், மாஸ்டர். உடைவுக்குக் கொஞ்சம் கூட்டி எடுங்கோ" என்றார்.

வீடு புகுந்து மறுபடியுங் கணித்தோம். பெருக்கலிலும் பிரித்தலிலும் பிழையில்லை. கல்லை மட்டும் எண்ணிய யாம், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கிடக்கும் அரையங்குலச் சாந்தை மறந்திருந்தோம். சாந்தையுஞ் சேர்த்தால் ஒவ்வொரு கல்லும் சுவரில் 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் கொள்ளும். அரையங்குலத்தை மறந்ததன் விலை 44 கல்!

மேசனாரின் வழி மிக எளிது. மூன்று கற்களை வரிசையாக வைத்தால் 4 அடி நீளம். மூன்று வரிசைகளை அடுக்கினால் 2 அடி உயரம். ஆகவே 8 சதுர அடிக்கு 9 கல். 384ஐ 8ஆற் பிரிக்க 48. அதனை 9ஆற் பெருக்க 432. வேறு வழியாலும் இதனைச் சரிபார்க்கலாம். 64 அடி என்பது 768 அங்குலம். 16ஆற் பிரிக்க, வரிசைக்கு 48 கல். 6 அடி என்பது 72 அங்குலம். 8ஆற் பிரிக்க 9 வரிசை. பெருக்கினால் அதே 432.

எட்டுக்கு ஒன்பது என்றால், சதுர அடிக்கு ஒன்றும் எட்டிலொன்றும். காலிற் பாதியாகிய எட்டிலொன்றுக்குத் தமிழில் அரைக்கால் என்று பெயர். ஆகவே சதுர அடிக்கு ஒன்றேயரைக்கால் கல். காணி, மா, மாகாணி, அரைக்கால் என நம் பாட்டன்மார் வாய்ப்பாடாக ஓதிய பின்னங்களின் பெயர்களை இன்றைய மாணவர் பலர் அறியார். இவ்வொரு சொல்லையேனும் அவர்கள் நினைவிற் கொண்டால், மதிற் கணக்கும் மறவாது, தமிழ்ச் சொல்லும் மறையாது.

கணிக்கப் புகுவோர் கருத்திற் கொள்ள வேண்டியவை ஐந்து.

முதலாவது, வாங்கவிருக்குங் கல்லையே அளத்தல் வேண்டும். ஒன்றேயரைக்கால் என்பது, சாந்துடன் 16 அங்குலமும் 8 அங்குலமும் ஆகுங் கல்லுக்கே பொருந்தும். மீற்றர் அளவில், சாந்துடன் 400 மில்லிமீற்றரும் 200 மில்லிமீற்றரும் ஆகுங் கல்லாயின் சதுர மீற்றருக்குப் பன்னிரண்டரைக் கல்.

இரண்டாவது, ஒற்றைக்கல் சுவரில் தடிப்பு கற்றொகையை மாற்றாது. 4 அங்குலக் கல்லாயினும் 6 அங்குலக் கல்லாயினும் தொகை ஒன்றே. விலையும் சாந்தின் அளவுமே மாறும்.

மூன்றாவது, வாயில், யன்னல் ஆகியவற்றின் பரப்பைக் கழித்தல் வேண்டும்.

நான்காவது, அறையின் நாற்சுவர்க்கு நடுக்கோட்டு நீளமே கொள்ளத்தக்கது. உள்ளளவு 12 அடிக்கு 10 அடியாகவும், சுவர்த் தடிப்பு 6 அங்குலமாகவும் உள்ள அறைக்கு வெளிச்சுற்று 48 அடி. உட்சுற்று 44 அடி. வெளிச்சுற்றைக் கொண்டால் மூலைகள் இருமுறை எண்ணப்படும். உட்சுற்றைக் கொண்டால் அவை விடுபடும். நடுக்கோடு 46 அடி, அதுவே சரி.

ஐந்தாவது, உடைவுக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டுதல் நலம். எமது 432க்கு 22 கூட்ட, 454 ஆயிற்று. தூண்களுக்கும் அத்திவாரத்துக்கும் வேண்டியவற்றைத் தனியே கணித்தல் வேண்டும்.

இத்துணைச் சிறு கணக்கை இவ்வளவு விரித்தல் ஏன் எனின், இது வகுப்பறைப் புள்ளியோடு ஒழிவதன்று. போர் 2009ஆம் ஆண்டு முடிந்தபின் வீடிழந்தோர் பல்லாயிரவர் தம் வீட்டைத் தாமே மீளக் கட்ட நேர்ந்தது. 2012ஆம் ஆண்டு வடக்கிலும் கிழக்கிலும் விரிவாக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, வேலை நடைபெற நடைபெறத் தவணைகளாக வழங்கப்பட்டது. கட்டுவிக்கும் பொறுப்பு அக்குடும்பத்தினதே. அத்தகைய வீட்டில் கல்லை மிகுத்து வாங்கினால், கூரைக்குரிய பணம் முற்றத்திற் கற்குவியலாய்க் கிடக்கும். குறைத்து வாங்கினால், லொறிக் கூலி இரட்டிக்கும். மேசனாரும் கைகட்டி நிற்பர். கணக்கறிந்த மாணவன் ஒருவன் அவ்வீட்டிலிருப்பின் அவன் கல்வி அன்றே பயன் தந்ததாகும்.

ஆதலின் மாணவர்க்கு ஒரு பயிற்சி தருகின்றோம். அளவுநாடா ஒன்றை எடுத்துச் சென்று, சீமெந்துக் கல்லாற் கட்டிய பூசாத மதில் ஒன்றை அளந்து, கற்றொகையை முதலிற் கணித்து எழுதுக. பின்னர் வரிசைகளையும் ஒரு வரிசையிலுள்ள கற்களையும் எண்ணிப் பார்க்க. இரண்டும் ஒவ்வாவிடின், சாந்தை மறந்தீர்களோ என முதலில் ஆராய்க. எம்மைத் திருத்தியது மேசனார் சொல். உங்களைத் திருத்தச் சுவரே போதும்.

விழாக் காணும் எமது கல்லூரி கற்றோராலும் கைத்தொழிலாளராலும் ஒருங்கே போற்றப்பெற்று நீடு வாழ்க!