காணாமல் போன ஃபார் லூப்

போன செமஸ்டர் ஜூனியர்களுக்காக ஒரு சின்ன சாஃப்ட்வேர் செய்தேன். ப்ரோகிராம், அவுட்புட் ரெண்டையும் ஃபார்மில் பேஸ்ட் பண்ணினால் போதும். லேப் ரெக்கார்டு எச்.டி.எம்.எல். பக்கமாகத் தயாராகி, அப்படியே பி.டி.எஃப். ஆகிவிடும். முதல் வாரம் எனக்கு ஒரே பெருமை.

ரெண்டாவது வாரம் ஒரு ஜூனியர் பொண்ணு ரெக்கார்டோடு வந்து நின்றாள். முதல் வரியில் ஹெடர் ஃபைல் பெயரே இல்லை. 'இன்க்ளூட்' மட்டும் தனியாக நிற்கிறது. ஃபார் லூப் பாதியில் அறுந்திருக்கிறது. மேடம் சிவப்பு மையில் பெரிய கேள்விக்குறி போட்டு மார்க்கைக் குறைத்திருந்தார்.

"அண்ணா, நான் முழுசாத்தான் போட்டேன்."

"காப்பி பண்றப்போ விட்டிருப்ப, நல்லா பாரும்மா."

அப்படிச் சொன்னது தப்பு. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் அவள் அனுப்பிய ப்ரோகிராம் ஒரு எழுத்துகூடக் குறையாமல் இருக்கிறது. தின்றது என் சாஃப்ட்வேர்தான்.

எச்.டி.எம்.எல்.-இல் < குறியை ஒட்டி ஆங்கில எழுத்து வந்தால், பிரவுசர் அதை ஒரு டேக்கின் ஆரம்பம் என்று நினைக்கும். அடுத்த > வரும்வரை எதையும் காட்டாது. ஹெடர் ஃபைல் பெயர் < > நடுவில்தானே இருக்கிறது? போச்சு. லூப் கண்டிஷனில் < குறியை ஒட்டி ஒரு வேரியபிள் பெயர் இருந்தது. அதுவும் போச்சு, அடுத்த > வரை இருந்த வரிகளும் கூடவே போச்சு. <10 என்று எண் வந்தால் மட்டும் ஒன்றும் ஆகாது. நான் லூப்பை டெஸ்ட் பண்ணினது எண்ணை வைத்துத்தான். அதனால் கண்ணில் படவே இல்லை.

இதற்கு மருந்து, டேட்டாவில் உள்ள ஸ்பெஷல் கேரக்டர்களை என்கோட் செய்வது:

& → &#38;
< → &#60;
> → &#62;
" → &#34;
' → &#39;

உள்ளே இருப்பவை அந்தந்தக் குறியின் யூனிகோட் எண்கள். இதே முறையில் &#2949; என்று எழுதினால் 'அ' வரும்.

சரி பண்ணப் போய் இன்னும் ரெண்டு தப்பு செய்தேன். முதலாவது, வரிசை. < குறியை முதலில் மாற்றிவிட்டு & குறியைக் கடைசியில் மாற்றினேன். ஏற்கெனவே வந்த &#60; என்பதில் உள்ள & மறுபடி மாறி &#38;#60; ஆகிவிட்டது. பேப்பரில் < வரவேண்டிய இடத்தில் &#60; என்றே அச்சானது. கையால் மாற்றுவதாக இருந்தால் & குறிக்குத்தான் முதல் இடம். அதைவிட நல்லது, உங்கள் லாங்குவேஜின் லைப்ரரியில் இருக்கும் எஸ்கேப் ஃபங்ஷனைப் பயன்படுத்துவது.

ரெண்டாவது, இடம். டேட்டாபேஸில் சேவ் பண்ணும்போதே என்கோட் செய்துவிட்டேன். அதே டேட்டாவை எக்ஸெல் ஷீட்டாக எடுத்தபோது செல் முழுக்க &#60;தான். டேட்டாவை வந்தபடியே சேமியுங்கள். வெளியே போகும்போது, போகிற இடத்துக்குத் தக்கபடி, ஒரே ஒரு தடவை மாற்றுங்கள்.

ஏனென்றால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சட்டம். எக்ஸ்.எம்.எல். ரொம்பக் கறார்: தனியாக ஒரு & வந்தாலே பார்சர் எரர் சொல்லி நின்றுவிடும். லேடெக்ஸில் % வந்தால் அந்த வரியின் மிச்சம் கமெண்ட் ஆகிவிடும். ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸில் டெக்ஸ்ட் ஃபீல்டின் மார்க்கப்பை 'ஸ்டைல்டு' என்று வைத்தால் டேட்டாவை என்கோட் பண்ண வேண்டும். 'நன்' என்று இருந்தால் பண்ணக்கூடாது.

ரிப்போர்ட் சாஃப்ட்வேர் செய்கிறவர்கள் ரிலீஸுக்கு முன்னால் ஒவ்வொரு ஃபீல்டிலும் & < > " ' % &#38; 'அ' எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வரி போடுங்கள். < குறியை ஒட்டி ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கட்டும். போட்டது போட்டபடி பேப்பரில் வந்தால் பாஸ்.

அன்றைக்கே புது பிரிண்ட் எடுத்துக்கொண்டு மேடமிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். மார்க்கைத் திருத்திக் கொடுத்தார். அந்த ஜூனியரிடம் சாரி சொன்னேன். இப்போதெல்லாம் யாராவது "நான் முழுசாத்தான் போட்டேன்" என்று சொன்னால், முதலில் என் கோடைத்தான் திறந்து பார்க்கிறேன்.