ஆற்று மீன், குளத்து மீன்: எதில் என்ன சத்து?

கடல் மீன் விலை ஏறும்போது பலர் திலாப்பியா, கெளுத்தி, பாத்தின், விரால் ஆகிய நன்னீர் மீன்களை வாங்குகிறோம். இவற்றில் திலாப்பியாவுக்கும் மலாக்காவுக்கும் பழைய தொடர்பு உண்டு. பத்து பெரெண்டாமில் இயங்கிய மீன் வளர்ப்பு ஆய்வு நிலையத்தில், இரு வகைத் திலாப்பியாவைக் கலந்து ஆண் குஞ்சுகளை மட்டும் பெறும் முறை கண்டறியப்பட்டது. ஹிக்லிங் என்ற ஆய்வாளர் அதை 1960-இல் வெளியிட்டார். ஆண் மீன்கள் மட்டும் இருந்தால் குளத்தில் குஞ்சுகள் பெருகி நெரிசலாகாது; மீனும் பெரிதாக வளரும்.

100 கிராம் பச்சை மீன் சதையில்:

• திலாப்பியா: புரதம் சுமார் 20 கிராம், கொழுப்பு சுமார் 2 கிராம்.
• விரால்: புரதம் திலாப்பியாவுக்கு இணை.
• கெளுத்தி: புரதம் சுமார் 16 கிராம். கொழுப்பு தீனியைப் பொறுத்து மாறும்.
• பாத்தின்: புரதம் சுமார் 15 கிராம். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அதிகம்.

கடல் மீனுக்கு ஈடாகுமா?
புரதத்தில் ஈடாகும். இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு, கெம்போங், மத்தி போன்ற கடல் மீன்களில் பொதுவாக அதிகம். எனவே இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள்.

விரால் சூப் புண்ணை ஆற்றுமா?
அறுவைச் சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் பிறகு விரால் கொடுப்பது நம் வழக்கம். புண் ஆறப் புரதம் தேவை. ஆகவே விரால் நல்ல உணவே. ஆனால் அது மருந்துக்கு மாற்று அல்ல. நீரிழிவு உள்ளவருக்குக் காலில் புண் வந்தால், சூப்பை நம்பி நாள் கடத்தாதீர்கள். சிறு புண் என்றாலும் உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள்; தாமதித்தால் காலையே இழக்க நேரலாம்.

சமைக்கும்போது
100 கிராம் திலாப்பியாவில் ஏறத்தாழ 100 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலோ ஏறத்தாழ 120 கலோரி! பொரிப்பதைக் குறைத்து, ஆவியில் வேகவைத்தோ, குழம்பாகவோ, அசாம் பெடாஸாகவோ சமையுங்கள். உப்பு அளவாக இருக்கட்டும். மீன் முழுமையாக வேக வேண்டும்.

கவனிக்க
• களைக்கொல்லி தெளித்த தோட்டத்துக் கால்வாய்களில் பிடித்த மீனைத் தவிருங்கள்.
• சிறுநீரக நோயாளிகள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு அறியுங்கள்.
• தட்டில் கால் பங்கு மீன் அல்லது வேறு புரத உணவு, கால் பங்கு சோறு, அரைப் பங்கு காய்கறியும் பழமும்.

விலை மலிவான மீன் என்பதால் சத்துக் குறைவு என்று எண்ண வேண்டாம். உங்களுக்கு ஏற்ற அளவை அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் கேளுங்கள்.