இதய அறுவையும் இயந்திர அறிவும்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

‘இனி டாக்டருக்கு வேலை இல்லை, இயந்திரமே நெஞ்சைத் திறந்து தைத்துவிடும்’ என்று விடுதி நண்பர் ஒருவர் அடித்துப் பேசினார். அந்த வாக்குவாதத்தின் விளைவே இக்கட்டுரை.

நண்பர் மனத்தில் இருந்தது ‘டாவின்சி’ என்னும் ரோபோ. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2000ஆம் ஆண்டில் அதற்கு ஒப்புதல் அளித்தது. ரோபோ என்று பெயரே தவிர, தானாக முடிவெடுக்கும் புத்தி அதற்குக் கிடையாது. சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் அறுவை மருத்துவரின் விரலசைவை நுண்ணிய அசைவாக மாற்றித் தருகிறது. கை நடுக்கத்தை வடிகட்டுகிறது. அவ்வளவே.

இதய அறுவையில் இயந்திரம் புகுந்தது புதிதன்று. 1953 மே 6ஆம் நாள் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்ற மருத்துவர், பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியின் இதயச் சுவரிலிருந்த துளையை அடைத்தார். அப்போது 26 நிமிட நேரம் அவளுடைய இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரமே செய்தது. அது உறுப்பின் உழைப்பை ஏற்றுக்கொண்டது. இன்று வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவோ மருத்துவரின் கணிப்பில் பங்கு கேட்கிறது. ஆகவே அதன் இடம் கத்தி பிடிக்கும் நேரத்தில் இல்லை. அதற்கு முன்னரே, ‘அறுவை வேண்டுமா, நோயாளி தாங்குவாரா?’ என்று கேட்கும் நேரத்தில் இருக்கிறது.

முதலில் ஈ.சி.ஜி.யை எடுத்துக்கொள்வோம். இதயத்தின் மின் துடிப்பைப் பதிவு செய்யும் முறையைக் கண்டதற்காக ஐந்தோவன் 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். நூறாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் அந்த மேடுபள்ளக் கோடுகளைப் படித்து வருகிறார்கள். 2019இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 44,959 நோயாளிகளின் ஈ.சி.ஜி.யையும் எக்கோ பரிசோதனை முடிவையும் இணைத்துக் கணிப்பொறிக்குக் கற்பித்தார்கள். பிறகு ஈ.சி.ஜி.யை மட்டும் காட்டி, ‘இந்த இதயம் குருதியை வெளியேற்றும் வலுவை இழந்துவிட்டதா?’ என்று கேட்டார்கள். வலுவிழந்த இதயங்களில் 86.3 விழுக்காட்டை அது கண்டுபிடித்தது, வலுவுள்ளவற்றில் 85.7 விழுக்காட்டைச் சரியாக விடுவித்தது. வலுவிழந்த இதயத்திற்கு அறுவையின் ஆபத்து மிகுதி. எனவே இது அறுவை மருத்துவருக்கு முதன்மையான செய்தி.

எண்களைக் கண்டு மயங்காமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் ஐம்பது பேருக்கு அந்நோய் உண்டு என்று கொள்வோம். கருவி 43 பேரைப் பிடிக்கும். ஏழு பேரைத் தவறவிடும். நோயில்லாத 950 பேரிலோ ஏறத்தாழ 136 பேரை நோயாளி என்று சுட்டும். அது சுட்டும் 179 பேரில் உண்மை நோயாளிகள் நான்கில் ஒரு பங்குதான்! ஆதலால் அது சொன்னதும் எக்கோ எடுத்துப் பார்க்கலாமே ஒழிய, அறுவைக்கு நாள் குறிக்க இயலாது.

இரண்டாவது, தமனி அடைப்பு. அடைப்பைப் படத்தில் கண்டால் போதாது. அது குருதியோட்டத்தை உண்மையில் தடுக்கிறதா என்பதே கேள்வி. இதற்காக நுண்கம்பியைத் தமனிக்குள் செலுத்தி, அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தத்தை முன்னுள்ள அழுத்தத்தால் வகுப்பார்கள். விடை 0.80 அல்லது அதற்குக் கீழ் எனில் அடைப்பு கவனிக்க வேண்டியது. 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ‘ஹார்ட்ஃப்ளோ’ முறை, கம்பியைச் செலுத்தாமல் சி.டி. படத்திலிருந்தே இவ்விகிதத்தைக் கணிக்கிறது. தமனியின் விளிம்பைப் படத்தில் வரைந்தெடுக்க நுண்ணறிவு உதவுகிறது. அழுத்தத்தைக் கணிப்பது பாய்ம இயக்கவியல். இயற்பியல் வகுப்பில் தூங்கியவர்கள் (நானும் அவர்களில் ஒருவன்) இதைக் குறித்துக்கொள்க.

இனி என் பெரியப்பாவின் கதை. சென்ற ஆண்டு அவருக்கு பைபாஸ் அறுவை நடந்தது. ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது மருத்துவர், ‘நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு ஆபத்து நேரலாம்’ என்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் என் பெரியம்மா, ‘அந்த நூறு பேர் யாருங்க ஐயா?’ என்று கேட்டார்.

நான் படித்தவற்றுள் இதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை. இத்தகைய விழுக்காடுகளைத் தரும் வாய்பாடுகளில் புகழ்பெற்றது ‘யூரோஸ்கோர்’. அது நுண்ணறிவு அன்று. அதற்கு மூத்த புள்ளியியல் உறவு. 1999இல் வெளிவந்த அதன் முதல் வடிவம் எட்டு ஐரோப்பிய நாடுகளின் நோயாளிகளைக் கொண்டு அமைந்தது. நம் நாட்டவர் அதில் இல்லை. 2012இல் வந்த திருத்தப் பதிப்பு 43 நாடுகளின் 22,381 நோயாளிகளைக் கொண்டது. நுண்ணறிவுக் கருவியும் இப்படித்தான்: எவரைக் கண்டு கற்றதோ அவர்களையே நன்கறியும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி எளிய கருவிதான். அதுவே கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தவறவிட்டதை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

பெரியப்பா இப்போது காலையில் கடைத்தெரு வரை நடக்கிறார். பெரியம்மாவின் கேள்விக்கு அன்று அந்த மருத்துவர் சற்று யோசித்துவிட்டு, ‘நம்மவங்க அதில கொஞ்சம்தாம்மா. நான் இங்கே செஞ்ச ஆபரேஷன் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்றேன்’ என்றாராம். அதன் பிறகே பெரியம்மா கையெழுத்திட்டார்.